தொண்ணூற்றொன்பதில் நின்ற வரைபடம்

ஒரு காட்டில், செல்போன் கோபுரம் நட்ட மேட்டின் மேல், சிங்கம் ஒரு கம்பெனி நடத்தி வந்தது. வெள்ளம் வந்தால் எந்த வழியாகத் தப்பிக்கலாம் என்று காட்டும் வரைபடத்தை விற்றது. நெட்டில் இறக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கோப்போ யானை கனம்! வழியைக் காட்டுவதற்கு முன்னால் முதலாளி பிடரியைச் சிலுப்பி வரவேற்புரை ஆற்றும் வீடியோ அதில் இருந்தது. அதில் கைவைக்க யாருக்குத் துணிச்சல்?

காட்டின் கடைக்கோடியில், ஆற்றோரப் பள்ளத்தில், செவந்தி என்ற முயல் குட்டிகளோடு குடியிருந்தது. அங்கே சிக்னல் நினைத்தால் வரும். வரைபடம் கொஞ்சம் இறங்கும், அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

செவந்தி கம்பெனிக்குப் போன் போட்டது. "ஐயா, பச்சப் புள்ளைங்கள வெச்சிக்கிட்டு இருக்கேன். விட்ட இடத்திலேருந்தாவது இறங்குற மாதிரி பண்ணுங்களேன்."

மேலாளர் நரி கோபுரத்தடியில் நின்று தன் போனில் இறக்கிப் பார்த்தது. கண் இமைப்பதற்குள் வந்துவிட்டது. "நல்லாத்தானேம்மா வருது! உங்க பக்கந்தான் ஏதோ கோளாறு."

இந்தக் கம்பெனியில் எல்லாச் சோதனையும் கோபுரத்தடியில்தான். பள்ளத்துக்குப் போனால் காலில் சேறு ஒட்டுமாம். அடேயப்பா, என்ன பொறுப்பு!

புகார்கள் குவிந்ததும் சிங்கம் உறுமியது. "தூரத்து வாடிக்கையாளருக்கு உடனே ஏதாவது செய்!"

"அந்த வீடியோவை மட்டும் எடுத்துட்டா..." என்று ஆரம்பித்த நரி, முதலாளியின் பல்லைப் பார்த்தது. "...காடே களையிழந்துடும், ராஜா" என்று முடித்தது.

பிறகு யோசித்து ஒரு முன்னேற்றம் செய்தது. எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று காட்டும் கோடு இனிமேல் தொண்ணூற்றொன்பது சதவீதத்திலிருந்தே தொடங்கும்.

பள்ளத்தில் செவந்தி அப்போதுதான் வெறுத்துப்போய், கால் போன போக்கில் கிளம்பலாம் என்று குட்டிகளைக் கூட்டிக்கொண்டிருந்தது. கோட்டைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தது. "அட, வந்துடுச்சு!"

"அம்மா, கால்ல தண்ணி" என்றது ஒரு குட்டி.

"இருடா கண்ணு, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி."

அந்த ஒன்று வரவில்லை. ஆறு வந்தது.

வளை போயிற்று. சேர்த்துவைத்த கிழங்கெல்லாம் போயிற்று. ஒரு கட்டையைப் பற்றிக்கொண்டு மிதந்த செவந்தியையும் குட்டிகளையும் வெள்ளம் கோபுர மேட்டின் அடியில் கொண்டுவந்து ஒதுக்கியது. கழுத்தில் தொங்கிய போன் 'டிங்' என்றது. வரைபடம் முழுசாக இறங்கிவிட்டது.

"பாவிகளா!" என்று செவந்தி அழுதது. "இப்ப வந்து என்ன புண்ணியம்?"

நரி குடை பிடித்துக்கொண்டு ஓடிவந்தது. "வேகத்தைப் பாத்தீங்களாம்மா? அப்படியே அஞ்சு ஸ்டார் குத்திடுங்க."

அன்றே முதலாளியிடம் சொல்லிப் பதவி உயர்வும் வாங்கிக்கொண்டது. "ராஜா, நமக்குத் தூரத்து வாடிக்கையாளர்னு இப்ப யாருமே இல்லை."

நீதி: தூரத்து வாடிக்கையாளருக்காகக் கோப்பைச் சுருக்கி மெனக்கெடாதே. நம்பிக்கை கொடுத்து உட்காரவை. மிச்சத்தை வெள்ளம் பார்த்துக்கொள்ளும்.