எலிகளுக்குக் காட்டிய கற்பூரம்

நேரத்தைப் பற்றிப் பாடம் நடத்துபவனை நேரம் ஒருமுறையாவது பழிவாங்காமல் விடுவதில்லை.

தொண்ணூறுகளில் செங்கல்பட்டை அடுத்த ஒரு கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்தேன். இரு கண் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் கடுகினும் சிறிய உயிரணுக் கூட்டம் ஒன்று உண்டு. பாலூட்டிகளின் உறக்கமும் விழிப்பும் அதன் ஆணைப்படியே நடக்கின்றன. வெளிச்சமே இல்லாவிட்டாலும் அக்கடிகாரம் நிற்காது. இதைக் காட்டுவதற்காக, வயலெலிகளைத் தனித்தனிக் கூண்டுகளில் ஓடுசக்கரங்களோடு இருட்டறையில் வைத்திருந்தேன். விளக்கு நேரத்தை முன்பே மாற்றிப் பழக்கியிருந்ததால் நம் நண்பகல் அவற்றுக்கு அந்தி. எழுந்து ஓடத் தொடங்கிவிடும்.

இதைப் பார்வையிடச் சென்னையிலிருந்து ஒரு வல்லுநர் வரவிருந்தார். அவர் தலையசைத்தால் ஆராய்ச்சி தொடரும். இல்லையேல் அறை உடைந்த நாற்காலிகளுக்குப் போய்விடும்.

அவர் வருவதற்கு இரு நாள் முன்பு ஆயுத பூசை. பிற்பகலில், எலிகள் ஓடிக்கொண்டிருந்தபோது, என் மனைவி கற்பூரத் தட்டோடு இருட்டறை வாசலில் வந்து நின்றாள்.

"மைக்ராஸ்கோப்புக்கெல்லாம் பொட்டு வெச்சாச்சு. சக்கரம் மட்டும் இன்னாங்க பாவம் பண்ணிச்சு?"

"உள்ளே வெளிச்சம் ஆகாதும்மா."

"கற்பூரம் இன்னா டியூப்லைட்டா? நகருங்க."

(முனைவர் பட்டம் இந்த இடத்தில் உதவவில்லை.) கூண்டு கூண்டாக, நிதானமாக ஆரத்தி நடந்தது.

வல்லுநர் நண்பகலில் வந்தார். எலிக் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத மங்கிய சிவப்பு விளக்கில், "இதோ, இப்போது ஓடும்" என்று அறிவித்தேன். ஓடவில்லை. என் கைக்கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தேன். (ஆராய்ச்சியாளனின் அறிவு!)

"இன்னா சார், உங்க ஸ்டாஃபுக்குப் பூஜை லீவு முடியலையா?" என்று கேட்டுவிட்டு அவர் சாப்பிடப் போனார்.

இருட்டில் தனியே அமர்ந்திருந்தேன். நெடுநேரம் கழித்து ஒரு சக்கரம் கிரீச்சிட்டது. உடனே இன்னொன்று. பிறகு எல்லாமே. ஒன்றையொன்று காணாத அத்தனை எலிகளும் ஏறத்தாழ ஒரே அளவு தாமதித்திருந்தன! அப்போதுதான் கற்பூரம் நினைவுக்கு வந்தது. ஊதினால் அணையும் ஒரு சுடர் கண் வழியே உள்ளே போய், ஒவ்வோர் எலியின் அந்தியையும் தள்ளி வைத்திருந்தது. இரவின் தொடக்கத்தில் படும் வெளிச்சம் அக்கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் என்ற பாடத்தை ஆண்டுதோறும் நடத்தியவன்தான் நான். அன்றுதான் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கைகூடக் கழுவவிடாமல் வல்லுநரை இழுத்துவந்து நடந்ததைச் சொன்னேன். இருட்டில் அசையாமல் நின்று கேட்டார்.

"யாரு சார் கற்பூரம் காட்டினது?"

"வீட்டுக்காரம்மா."

"கட்டுரைல அவங்க பேரையும் போட்டுடுங்க."

அறை பிழைத்தது. எங்கள் வீட்டில் யார் தாமதமாக எழுந்தாலும், "யாரு கற்பூரம் காட்டினது?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

என் மனைவியின் காரியங்கள் முடிந்த மறுநாள், வெயில் ஏறிய பிறகே எழுந்தேன். பழக்கத்தில் மகள் அதைக் கேட்டுவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்கம்மாதான்" என்றேன். முதலில் நான்தான் சிரித்தேன்.