சாமுராயா, நைட்டா?

எனக்குச் சும்மா உட்காரத் தெரியாது. பஸ்ஸில், சர்ச் பூசையில், பல் டாக்டரின் நாற்காலியில்கூட என் முழங்கால் தையல் மெஷின் மாதிரி ஆடும். காலை அடக்கினால் வாய் ஆட ஆரம்பித்துவிடும். இரண்டும் சேர்ந்து ஆடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் நான் ராயபுரத்துக்குப் பெண் பார்க்கப் போனேன்.

நாங்கள் திருவொற்றியூர். ஒரு கல்லூரியில் தற்காலிகமாக வரலாறு நடத்திக்கொண்டிருந்தேன். என் ஆராய்ச்சி, ஜப்பானின் பழைய போர்வீரனான சாமுராயையும் ஐரோப்பாவின் குதிரைவீரனான நைட்டையும் ஒப்பிடுவது. (இதுக்கு எங்கேப்பா வேலை கிடைக்கும் என்று கேட்காத ஒரே ஜீவன் எங்கள் தெரு நாய்.) என் வாயால் ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. அதனால் ஷேர் ஆட்டோவிலேயே அம்மா சொல்லிவிட்டாள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று.

பெண் பெயர் ஜெனிட்டா. சரக்குக் கப்பல் ஏஜென்ஸி ஒன்றில் வேலை. அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஒரு டன் இரும்பை இறக்குவதுபோல ஒவ்வொரு வார்த்தையையும் நிதானமாக இறக்குவார். கேசரியோடு வந்த ஜெனிட்டா என் ஆடும் முழங்காலைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. வினை அங்கேதான் தொடங்கியது.

எதில் ஆராய்ச்சி என்று அவள் அப்பா கேட்டார். சாமுராய், நைட்டு என்றேன். நைட் ஷிஃப்டா என்றார். விளக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் ஜெனிட்டா, "அந்த ரெண்டு பேருக்கும் இன்னா வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டாள்.

எழுந்துவிட்டேன். இரண்டு பேரும் பிரபுவுக்காகச் சண்டை போட்டுப் பிழைத்தவர்கள், இரண்டு பேருக்கும் குதிரை உண்டு, மானம் பெரிது என்று ஆரம்பித்தேன். சாமுராய் முதலில் வில்லாளி, வாள் பெரிய பேர் வாங்கியது பிற்பாடுதான் என்றேன். சண்டை ஓய்ந்த காலத்தில் பலர் கணக்குப்பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டிருந்தார்கள் என்றதும் அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் என்னைக் கெடுத்தது. நைட் ஈட்டியோடு பாய்வதைக் காட்டவேண்டும் என்று தோன்றியது. பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் குதிரையாக ஏறினேன். மூலையில் இருந்த ஒட்டடைக் கம்பை எடுத்தேன். (அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பட்டன் மட்டும் அவள் கையோடு போனது.)

நைட் முதலில் ஈட்டியை நிமிர்த்திப் பிடிப்பான், பிறகுதான் தாழ்த்துவான். நான் நிமிர்த்தினேன். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சத்தம். கம்பு கையை விட்டுப் பறந்தது. அதன் நுனியிலிருந்த பிரஷ் தனியாகக் கழன்று கேசரித் தட்டில் போய் உட்கார்ந்தது. ஃபேனின் ஒரு இறக்கை வளைந்து, கடகடவென்று ஆடி நின்றது. நான் குதிரையோடு தரையில் கிடந்தேன்.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெனிட்டாவின் அப்பா ஃபேனைப் பார்த்தார், கேசரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நைனா, இந்த மாதிரி மானம் போச்சினா அந்த சாமுராய் இன்னா பண்ணுவான்?"

"வயித்த கிழிச்சிக்குவான், அங்கிள்."

"நைட்டு?"

"பிடிபட்டா கைதியா இருப்பான். அவனோட ஆளுங்க வந்து மீட்டுகினு போவாங்க."

அவர் எழுந்து ஃபேன் சுவிட்சை அணைத்தார். "அப்ப நீ நைட்டா இரு. ஃபேனு ரெடியாவற வரிக்கும் வெளிய போவக்கூடாது."

அம்மாவை மட்டும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டார். மெக்கானிக் வர இரண்டு மணிநேரம். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெனிட்டா இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் கால் அப்போதும் ஆடியது. ஸ்டூலும் ஆடியது. மேலே நின்ற மெக்கானிக், தம்பியைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார்.

"எப்பவும் இப்டிதான் ஆடிகினே இருப்பியா?" என்று அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

ஆமாம் என்றேன். பொய் சொல்ல நேரமில்லை.

"பரவால்ல. எங்கப்பா வூட்ல எதுவுமே அசையாது. பேஜாரா கீது."

ஏழு வருடமாகிறது. மீட்க இதுவரை யாரும் வரவில்லை. ஜெனிட்டாவின் சொந்தத்தில் எந்த வீட்டுக்குப் போனாலும், நான் படியேறும்போதே யாராவது எழுந்து ஃபேனை அணைத்துவிடுகிறார்கள். மே மாதத்திலும்.