கைராசி அண்ணனின் மோதிர விரல்

அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் தினமும் மாலையில் தரிசனம் உண்டு. செருப்பை வாசலில் விட்டுவிட வேண்டும். பேசக் கூடாது. இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும். நடுவில் கைராசி அண்ணன் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அன்றைய பரிசோதனை முடிவுகளைத் தனி டிஸ்க்கில் நகலெடுக்கும் ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டர் வரிசையாகச் செய்யவேண்டிய கட்டளைகளின் பட்டியல், அவர் எழுதியது. என்டர் பட்டனைத் தட்டினால் ஓடும். யார் வேண்டுமானாலும் தட்டலாமே என்று கேட்டுத் தொலைக்காதீர்கள். அவருடைய மோதிர விரல்தான் தட்ட வேண்டும். தட்டியதும் திரையில் ‘எல்லாம் வெற்றி’ என்று வரும். ஒருநாள்கூடத் தவறியதில்லை. டாக்டருக்குப் படித்தவர்கள் கைதட்டுவார்கள். அந்த விரலுக்கென்று மாதாமாதம் தனிப் படி வேறு.

புதிதாக வேலைக்கு வந்த பெண்ணும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். முதல் நாளே அது பாதியில் நின்று, ‘டிஸ்க்கைக் காணவில்லை, நகல் எடுக்கவில்லை’ என்றது. உண்மையைச் சொன்னது, அதுதான் அது செய்த குற்றம். உடனே அண்ணனை அழைத்து வந்தார்கள். விரல் இறங்கியது. ‘எல்லாம் வெற்றி.’

கூட்டம் கலைந்த பிறகு அவள் மேஜைக்கடியில் குனிந்து பார்த்தாள். டிஸ்க்கின் வயர் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அதை யார் கேட்கிறார்கள்? மேனேஜர் அவளைக் கூப்பிட்டார்.

“உன் கைராசி அப்படிம்மா, நாங்க என்ன பண்றது? வெள்ளிக்கிழமையோட நின்னுக்க.”

அவள் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. அழுவதற்குப் பதில் அவள் யோசித்தாள். அந்தக் கட்டடத்தில் அது புது வழக்கம்.

வெள்ளிக்கிழமை தரிசனத்தில் வழக்கம்போல் விரல் இறங்கியது, வெற்றி வந்தது, கைதட்டலும் வந்தது. அவள் மட்டும் வாயைத் திறந்தாள்.

“எதுல நகல் எடுத்தீங்கண்ணே?”

“டிஸ்க்குலதான்மா. வேற எதுல?”

அவள் கைப்பையிலிருந்து டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தாள்.

“மத்தியானத்துல இருந்து இது என் பையிலதான் இருக்கு.”

அண்ணன் அசரவில்லை. “என் விரலுக்கு வயர் எதுக்கும்மா?” என்று சிரித்தார். பாதிப்பேர் தலையாட்டினார்கள்.

மேனேஜர் டிஸ்க்கை மாட்டித் திறந்தார். புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து ஒரு நோயாளியின் முடிவுகூட அதில் இல்லை. அவள் அண்ணனின் ஸ்கிரிப்டைத் திரையில் காட்டி விளக்கினாள். பழைய கம்ப்யூட்டருக்கு எழுதிய கட்டளைகள் புதியதில் ஓடவே இல்லை. ஒவ்வொரு வரியும் பிழை என்று அலறியிருக்கிறது. அண்ணன் அந்த அலறலையெல்லாம் குப்பைக்குத் தள்ளிவிட்டு, என்ன நடந்தாலும் கடைசி வரி ‘எல்லாம் வெற்றி’ என்று சொல்லும்படி எழுதிவைத்திருந்தார்.

அண்ணன் விரலை மடக்கிக்கொண்டார். “நீங்க ஒருநாளாவது டிஸ்க்கைத் திறந்து பாத்தீங்களா சார்? கைதட்டுனீங்க, நானும் தட்டுனேன்.”

மேனேஜருக்கு வியர்த்தது. அவளை வேலையில் இருக்கச் சொன்னார், அண்ணனை வெளியே போகச் சொன்னார். பிறகு பயபக்தியோடு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

“நீயே தட்டும்மா. உனக்குத்தான் நல்ல கைராசி.”

“யார் வேணா தட்டுங்க சார். தட்டிட்டு டிஸ்க்கைத் திறந்து பாருங்க.”

எல்லோரும் வாசலுக்குப் போய் அவரவர் செருப்பைக் கவனமாகத் தேடி மாட்டிக்கொண்டார்கள். செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்த மூளையை ஒருவரும் தேடவில்லை. நீங்களாவது தேடுங்கள்.