முன்பு டெங்கி கண்டதுண்டா?

எலியை வைத்து ஆராய்ச்சி செய்கிறவரை எந்தக் கல்யாண மண்டபத்திலும் நீங்கள் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளலாம். மற்றவர்களெல்லாம் பெண்ணின் நகையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் எதிர்ப்பந்தியில் சாப்பிடுகிறவர்களின் முழங்கை மடிப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார். நரம்பு புடைத்துத் தெரிகிற கை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்து, "அண்ணே, சௌக்கியமா? கடைசியா எப்ப காய்ச்சல் வந்துச்சு?" என்று விசாரிப்பார். நம் மேல் இவ்வளவு அக்கறையா என்று நீங்கள் உருகிவிடக் கூடாது. அவருக்கு வேண்டியது உங்கள் இரத்தம். ஐம்பது மில்லி.

இந்த இனத்தில் நான் அருகிலிருந்து பார்த்தவர் ஒருவர்தான், ஆனால் அசல் சரக்கு. பெயர் தியாகராஜா. எங்கள் தீவில், ஆயர் ஈத்தாமில் என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. கெலுகோரில் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. டாக்டர் என்று வாசலில் பலகை இருக்கும், ஆனால் இருமலென்று போய் நின்றால், "நான் அந்த டாக்டர் இல்லைலா" என்று கதவைச் சாத்திவிடுவார். இருமுகிறவர்களைக் கண்டால் அவருக்கு நடுக்கம். காரணம் எலி.

அந்த எலியைப் பற்றி எனக்குப் புரிந்த அளவில் சொல்லிவிடுகிறேன். நான் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறவன், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். சாதாரண எலிக்கு டெங்கி ஒட்டாது. மனிதனுக்கு ஒட்டும், ஆனால் மனிதனைக் கூண்டில் அடைத்து டெங்கிக் கிருமியை ஏற்றினால் போலீஸ் வரும். ஆகவே, எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கிற ஒரு வகை வெள்ளெலியை வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரவழைத்து, மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த வெள்ளையணுக்களை அதன் வயிற்றுக்குள் செலுத்தி, அவை அங்கே குடியேறிய பிறகு டெங்கிக் கிருமியைக் காட்டி, என்ன நடக்கிறது என்று பார்ப்பார்கள். உடம்பு எலியுடையது, காவல் மனிதனுடையது. ஒருவர் இரத்தத்துக்கு நாலு எலி. ஒன்பதாம் கூண்டு நான்.

ஆமாம், நான்தான். இந்த இனத்தின் பேச்சு வழக்கே அப்படி. யூசுப் டீக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருப்பேன், தியாகராஜா வந்து உட்காருவார். "அண்ணே, நீங்க நல்லா சாப்பிடறீங்க. ஒரு கிராம் ஏறியிருக்கீங்க" என்பார். பக்கத்து மேசைக்காரர் என் தொந்தியைப் பார்ப்பார். ஒருநாள் கடைக்குள் நுழையும்போதே முகம் வாடியிருந்தது. "தங்கராஜு இன்னிக்குக் காலையில செத்துட்டாருண்ணே. நேத்தே சுருண்டு படுத்துட்டாரு" என்றார். யூசுப் அதிர்ந்துபோய்ச் சீனி டப்பாவைக் கீழே வைத்தார். ஐம்பது மில்லி கொடுத்திருந்த தங்கராஜு அந்த நேரம் பசாரில் மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தார், பிற்பகல் கடைப்பக்கம் வந்தபோது நாலு பேர் அவரைத் தொட்டுப் பார்த்தார்கள்.

எலி அறைக்குள் போவதற்கு ஒரு முறை இருக்கிறது. குளிக்க வேண்டும், வேறு உடை மாற்ற வேண்டும், தலைக்கு உறை, வாய்க்கு உறை, கைக்கு உறை, இரண்டு கதவு, முதல் கதவு சாத்தியபிறகுதான் இரண்டாவது கதவைத் திறக்கலாம். எலிக்குப் போடுகிற தீனியைக்கூட ஆவியில் அவித்துத்தான் போடுவார்கள். சளி உள்ளவர் போகக் கூடாது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருந்தாலும் போகக் கூடாது, ஏனென்றால் அந்த எலிக்கு ஒரு சின்னத் தும்மலே எமன். இதையெல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டியவரும் தியாகராஜாதான். எந்தக் கூண்டில் எந்த எலி நேற்றைவிடக் குறைவாகத் தண்ணீர் குடித்தது, எதன் காது சிவந்திருக்கிறது, எது முதுகை வளைத்து நிற்கிறது, எல்லாம் அவர் நோட்டில் இருக்கும். இவ்வளவு கவனமான மனிதர் நம் தெருவில் இருக்கிறாரே என்று எனக்குப் பெருமைதான்.

இரத்தம் கொடுப்பவர்கள் நிரப்ப ஒரு பாரம் உண்டு. பன்னிரண்டு கேள்வி. அதில் ஒன்பதாவதுதான் முக்கியம்: முன்பு டெங்கி கண்டதுண்டா? எனக்கு இல்லை என்றேன். தியாகராஜா நம்பவில்லை. என் இரத்தத்தைத் தனியாகச் சோதித்துப் பார்த்த பிறகுதான் எடுத்துக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்கண்ணே. வாயால சொல்றத எழுத முடியாது. பாதிப் பேருக்கு வந்து போனதே தெரியாதுலா" என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. விஞ்ஞானம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும், இல்லையா?

தொண்ணூற்று நாலாம் வருடம் அவருக்குக் கெட்ட வருடமாக ஆரம்பித்தது. மூன்று வருட உழைப்பில் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடைக்கவில்லை. டிசம்பருக்குள் ஏதாவது காட்டாவிட்டால் எலி அறையை மீன் ஆராய்ச்சிக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். மீன்காரர்கள் அப்போதே ஒருநாள் வந்து சுவரை அளந்துவிட்டுப் போனார்கள். அந்த நேரம் பார்த்துப் பதினேழாம் கூண்டுக்கு இரத்தம் தர ஒப்புக்கொண்டவர் சளி பிடித்து விலகிக்கொண்டார். தியாகராஜா யோசித்தார். வீட்டிலேயே ஒரு ஆள் இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் மனைவி கனகேஸ்வரி. பட்டர்வொர்த்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். தினமும் ஃபெர்ரியில் போய்த் திரும்புகிற அமைதியான பெண்மணி. ஒரு சனிக்கிழமை கெலுகோருக்கு அழைத்துப் போய் இரத்தம் எடுத்தார்கள். பாரத்தை அவர் கையில் கொடுக்கவில்லை. தியாகராஜாவே மளமளவென்று நிரப்பினார். வயது, எடை, சர்க்கரை, ஒன்பதாவது கேள்விக்கு இல்லை. அவர் காட்டிய இடத்தில் அந்த அம்மாள் கையெழுத்துப் போட்டார். ஆராய்ச்சிக்கூட உதவியாளர் சுலைமான் மட்டும், "டாக்டர், இவங்களுக்கு டெஸ்ட் போட வேணாமா?" என்று கேட்டார்.

"டெஸ்ட் கிட் எட்டுதான் இருக்கு. வீட்டு ஆளுக்கு எதுக்கு வேஸ்ட் பண்ணணும்? இருபத்திரண்டு வருஷமா கூட இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

சுலைமான் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தார்.

பதினேழாம் கூண்டில்தான் அந்த அதிசயம் நடந்தது. டெங்கியையே பார்த்தறியாத ஒருவருடைய அணுக்கள், எலிக்குள் போய், கிருமியைக் கண்டதும் ஒரே வாரத்தில் அதை எதிர்க்கத் தொடங்கிவிட்டன. நாலு எலியிலும். ஒன்பதாம் கூண்டில் நான் ஒரு மாதமாகச் சும்மா படுத்துக்கிடந்தேன். தியாகராஜா நம்பாமல் மனைவியிடம் இன்னொரு முறை இரத்தம் எடுத்தார், பிறகு இன்னொரு முறையும். மூன்று தடவையும் அதே விடை. உலகத்தில் யாரும் பார்க்காதது என்றார். செப்டம்பரில் பத்து ஃபெரிங்கி என்கிற இடத்தில் கடலோர ஹோட்டல் ஒன்றில் அனைத்துலக மாநாடு வருகிறது, அங்கே சொல்லப்போகிறேன், எலி அறை பிழைத்தது, மீன்காரர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அன்று யூசுப் கடையில் எல்லாருக்கும் அவர் செலவில் ரொட்டிச் சானாய். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

மாநாட்டுக்கு மூன்று நாள் முன்பு ஓர் ஒத்திகை வைத்தார். இரத்தம் கொடுத்தவர்களுக்கு நன்றி சொன்ன மாதிரியும் இருக்கும் என்று எங்களையும் அழைத்திருந்தார். நான் போனேன். இரண்டாவது வரிசையில் கனகேஸ்வரி, பக்கத்தில் அவர்கள் அண்டை வீட்டு நூர்ஜான். தியாகராஜா கோட் போட்டுக்கொண்டு திரையில் படம் காட்டி விளக்கினார். எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார். "பதினேழாம் கூண்டு. ரத்தம் கொடுத்தவங்க ஒரு பெண், வயசு நாப்பத்தாறு. டெங்கியே வந்ததில்ல."

நூர்ஜானுக்கு மெதுவாகப் பேச வராது. "என்னக்கா இது? ஒங்களுக்கு டெங்கி வந்துச்சே. நாந்தானே டாக்ஸி பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன்?"

கனகேஸ்வரி அவர் கையைப் பிடித்து அமுக்கினார். ஆனால் கூடத்தில் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. மேடையில் இருந்தவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் கொஞ்சம் தயங்கிவிட்டு எழுந்து நின்றார்.

"எப்ப?" என்றார் தியாகராஜா.

"தொண்ணூத்தொண்ணுல. தீபாவளிக்கு முன்ன. முதல் எலிங்க வந்து இறங்குன நேரம். காய்ச்சலா இருக்குன்னு போன் பண்ணேன். அப்ப எலி ரூமுக்குள்ள போக முடியாதே, காய்ச்சல் விடற வரைக்கும் நான் வீட்டுக்கு வரலைன்னு சொன்னீங்க. லேப்லயே மூணு வாரம் தங்கிட்டீங்க."

"டெங்கின்னு ஏன் சொல்லல?"

"வந்து கேப்பீங்கன்னு இருந்தேன். அப்புறம், டெங்கிக்காரர் ஆச்சே, பார்த்தாலே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்."

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்திருப்பார்கள். தியாகராஜா பேனாவை எடுத்தார். இனத்தின் குணம் அது. "பிளேட்லெட் எவ்வளவு இறங்குச்சு?" என்று கேட்டார்.

"முப்பதாயிரம்."

எழுதிக்கொண்டார். "எத்தனை நாள் வார்டுல?"

"எட்டு."

எழுதிக்கொண்டார். "ரத்தப்போக்கு?"

"மூக்குல வந்துச்சு. ரெண்டு நாள் நிக்கல. பொழைக்க மாட்டேன்னு நூர்ஜான்கிட்ட சொல்லிட்டாங்க."

அதை அவர் எழுதவில்லை. பேனா கையிலேயே இருந்தது. சுலைமான் எழுந்து போய்த் திரை விளக்கை அணைத்தார். எனக்கு அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கவே வெட்கமாக இருந்தது, அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க வருத்தமாகவும் இருந்தது.

டெங்கியை ஒருமுறை சமாளித்த அணுக்கள் அதை மறப்பதில்லையாம், மறுமுறை கண்டதும் உடனே பாய்ந்துவிடுமாம். ஆகையால் பதினேழாம் கூண்டில் அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. கனகேஸ்வரி பட்டதை நாலு எலிகள் நினைவில் வைத்திருந்தன, அவ்வளவுதான்.

மாநாட்டில் நடந்ததைச் சுலைமான் சொன்னார். தியாகராஜா மேடையேறி, பதினேழாம் கூண்டின் முடிவு செல்லாது, கொடையாளிக்கு முன்பே டெங்கி வந்திருக்கிறது, பாரத்தில் இருந்தது தவறு என்று இரண்டு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் எழுந்து, கொடையாளி மறைத்துவிட்டாரா என்று அனுதாபத்தோடு கேட்டாராம்.

"இல்லை. கொடையாளியை யாரும் கேட்கவில்லை" என்றாராம் தியாகராஜா.

ஜனவரியில் மீன்காரர்கள் தொட்டிகளோடு வந்தார்கள். தியாகராஜாவுக்கு முதலாண்டு மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிற வேலை.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். உங்களிடம் எலி இல்லை, கூண்டு இல்லை, ஆகவே நீங்கள் அந்த இனமில்லை என்ற தைரியம். நல்லது. ஒரு தாளை எடுங்கள். உங்கள் வீட்டில் உங்களோடு அதிக வருடம் இருக்கிறவர் பெயரை மேலே எழுதுங்கள். கடைசியாக அவருக்குக் காய்ச்சல் வந்தது எந்த மாதம்? அவருக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எது? படியேறும்போது எந்த முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார்? இரத்த வகை என்ன? சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்துக் கேட்கக் கூடாது. நானும் எழுதிப் பார்த்தேன். தயங்காமல் எழுத முடிந்தது இரத்த வகை ஒன்றைத்தான், ஓ பாசிட்டிவ். என் மனைவி தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "அது உங்களோடது" என்றாள்.