ராஜகிரியில் நான் உட்கார்ந்த கதை

உட்காருவதில் என்னை மிஞ்சச் செஞ்சிக் கடைத்தெருவில் ஆள் கிடையாது. என் மல்லாக்கொட்டை மண்டியில், வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே, காலை எட்டு மணிக்கு மெத்தையில் உட்கார்ந்தால், சாயங்காலம் நான்கு மணிக்கு யாராவது கை கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். அப்படிப்பட்ட நான், யார் உட்காராமல் இருப்பது என்று பெண்டாட்டியிடம் பந்தயம் கட்டினேன். என் புத்தியைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்வதற்கில்லை.

எல்லாம் ஒரு பழைய வாக்கால் வந்த வினை. சிரவணபெளகொளாவில் பாகுபலி சுவாமிக்கு மகா அபிஷேகம் பன்னிரண்டு, பதினாலு வருஷத்துக்கு ஒரு முறைதான் வரும். போன தடவை அது நடந்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். போக வேண்டும் என்றாள் ஜெயமாலா. "அடுத்த தடவை கட்டாயம் கூட்டிப்போறேன்" என்றேன். அத்தனை வருஷத் தவணையில் எதை வேண்டுமானாலும் வாக்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். பதினாலு வருஷம் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்று யார் கண்டார்கள்?

இந்த மாசியில் எங்கள் ஜைன சமாஜத்தார் ஸ்பெஷல் பஸ் ஏற்பாடு செய்துவிட்டார்கள். ஐந்து நாள் பிரயாணம். தெருவில் பாதிப் பேர் பெயர் கொடுத்தாகிவிட்டது.

எனக்குச் சுவாமியிடம் பக்திக்குக் குறைவில்லை. பஸ்ஸிடம்தான் பயம். ரகசியமாகச் சொல்கிறேன். பஸ் புறப்பட்ட இரண்டாவது மைலில் என் வயிறு புரள ஆரம்பிக்கும். திண்டிவனம் வருவதற்குள் நான் ஜன்னலுக்கு வெளியே பாதி, உள்ளே பாதி. மைசூர் ராஜ்யம் வரைக்கும் போனால் என்னில் எது மிச்சமிருக்கும்? இதைக் கட்டிய மனைவியிடம் சொல்ல முடியுமா? குடும்பத்தோடு வெளியூர் என்ற பேச்சு வந்தாலே "மண்டியில வேலை" என்று சொல்லி இத்தனை வருஷம் மானத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு அருமையான யோசனை வந்தது.

"ஜெயா, அங்க அறுநூறு படிக்கு மேல இருக்குதாமே. பாறையிலயே வெட்டின படி. உன்னால ஏற முடியுமா?"

"ஏறினா போச்சு."

"சொல்றது சுளுவு. நடுவுல நீ உக்காந்துட்டா பின்னால வர்ற ஜனம் இன்னா செய்யும்? மொதல்ல நம்ம ராஜகிரிய ஏறிக் காட்டு. நானும் கூட வரேன். ஏறி எறங்கற வரைக்கும் எங்கயும் உக்காரக் கூடாது. உக்காந்தா பிரயாணம் ரத்து."

"நீங்க உக்காந்தா?"

"மறுபேச்சு இல்லாம உன்னக் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"குந்தறது?"

"குந்தறதும் உக்கார்றதுதான்."

"சாயறது?"

இந்த இடத்தில் எனக்கு என்னைப் பற்றி ஒரு நினைவு வந்தது. "சாயலாம்" என்றேன்.

"சரிங்க" என்றாள். வெண்டைக்காய் வாங்கினால்கூட நான்கு கேள்வி கேட்கிறவள், ஒரு மலையை வாங்கிக்கொண்டு பேசாமல் உள்ளே போனாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். செஞ்சியில் பிறந்து நாற்பது வருஷமாக ராஜகிரியைத் தினம் பார்க்கிறேன். ஒரு நாளும் ஏறியதில்லை. மலை ஏறுவது வெளியூர்க்காரர்கள் செய்கிற காரியம். நாங்கள் அவர்களுக்குக் கை நீட்டி வழி சொல்வோம். அதோடு சரி.

ஆனால் நான் உச்சி வரைக்கும் ஏறப்போவதில்லையே! என் திட்டம் சூரியனை நம்பியது. ஜைனர் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. ஆகையால் செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே மூன்று மணிக்குமேல் புறப்பட்டேன். பாதி மலையில் சூரியன் இறங்குவதைப் பார்த்தால் அவளுக்கு அடுப்பு ஞாபகம் வரும். "ஐயோ, சமைக்கணுமே" என்று தானாகத் திரும்பிவிடுவாள். எப்படி என் மூளை?

வாசலுக்கு வந்தவள் கையில் நான்கடுக்குக் கேரியர் இருந்தது. மற்றொரு கையில் வடிகட்டிய தண்ணீர்க் கூஜா.

"அது இன்னா?"

"சாயங்காலச் சாப்பாடு. பிள்ளைங்களுக்கு அடுத்த வீட்டுப் பத்மினி போட்டுருவா."

"இத்தனையும் யாரு தூக்கறது?"

"நானே தூக்கறேன். நீங்க உங்களத் தூக்கிக்கிட்டு வந்தா போதும்."

குதிரை வண்டியில் கோட்டைக்குப் போய் இறங்கினோம். காவல்காரர் கன்னியப்பன் என் மண்டிக்கு வந்து போகிறவர். எழுந்து வந்தார்.

"இன்னா நைனாரே, யாரத் தேடிக்கினு வந்தீங்க?"

"மலை ஏற வந்தோம்."

"யாரு ஏறப் போறது?"

"நாங்கதான்."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். மறுபடியும் வயிற்றைப் பார்த்தார். "பொழுதோட எறங்கிடுங்க. தூக்கியாந்து எறக்க எங்கிட்ட ஆளு இல்ல" என்றார்.

அந்தப் படிகளைக் கட்டிய ராஜாக்களுக்கு முழங்கால் எந்த உயரத்தில் இருந்ததோ தெரியவில்லை. ஒவ்வொரு படியும் என் இடுப்பை விசாரித்தது. பகலெல்லாம் வெயில் குடித்த பாறை கீழிருந்து வேகவைத்தது. நூறாவது படியில் என் சட்டை நனைந்தது. இருநூறாவது படியில் வேட்டி நனைந்தது. வழியிலிருந்த சுவர் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் சாய்ந்தேன். ஒரு குரங்கு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டு, உட்காருவது எவ்வளவு சுகம் என்று காட்டியது.

"ஏங்க, சாஞ்சுக்கிட்டே தூங்கறீங்களா?"

"கோட்டைச் சுவர ஆராய்ச்சி பண்றேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

கேரியரும் கையுமாக அவள் சந்தைக்குப் போகிறவள் மாதிரி ஏறிக்கொண்டிருந்தாள். நடுநடுவே நின்று திரும்பி, "அதோ எதிர் மலை கிருஷ்ணகிரி பாருங்க, அதோ செட்டிகுளம்" என்று எனக்கு என் ஊரையே காட்டினாள்.

"உனக்குக் கால் வலிக்கல?"

"வலிக்குது."

"அப்போ உக்காரேன்!"

"வலிச்சா உக்காரலாம்னு எனக்கு யாருங்க சொன்னா?"

"பொழுது எறங்குது பாரு. சமையல்..."

அவள் கேரியரை உயர்த்திக் காட்டினாள். என் மூளையை நான்கடுக்கில் அடைத்துக் கொக்கி போட்டது போலிருந்தது.

உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து பள்ளமாகக் கிடக்கிறது. மேலே ஒரு மரப்பாலம். அதை நான் எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. கண் திறந்தபோது அக்கரையில் இருந்தேன். கையில் அவள் முந்தானை இருந்தது.

உச்சியில் காற்று அள்ளிக்கொண்டு போயிற்று. கீழே வயல்கள் பச்சைத் துணியை மடித்து வைத்தாற்போல் கிடந்தன. என் மண்டியைத் தேடினேன். ஒரு தீப்பெட்டி அளவுகூட இல்லை. இதற்குள்ளா உட்கார்ந்துகொண்டு இவ்வளவு அதிகாரம் பண்ணுகிறேன்!

ஜெயமாலா விளிம்பருகே நின்று பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இதுக்கே இப்படி இருக்குதே. சாமி தலைலருந்து பால் எறங்கறப்ப எப்படி இருக்கும்!"

நான் கூஜாவைத் திறந்து தண்ணீர் குடித்தேன். ஏறிய தாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

சூரியன் அடிவானத்துக்கு இரண்டு சாண் மேலே நின்றது. அவள் ஒரு கல் மேடையைத் துடைத்து, இலை போட்டு, புளியோதரையும் வாழைக்காய் வறுவலும் வைத்தாள். தயிர்ச்சாதத்தை ஓரமாக வைத்தாள். இரண்டு வாய் உள்ளே போன பிறகுதான் எனக்கு ஏதோ உறைத்தது. குனிந்து பார்த்தேன். சம்மணம் போட்டுச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தேன். இலையைக் கண்டால் மடங்கிக்கொள்கிற கால்கள் என்னுடையவை. அவை என்னைக் கேட்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தேன். ஜெயமாலா கேரியர் மூடியை இடது உள்ளங்கையில் ஏந்தி, நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ உக்காரல?"

"உக்காந்தா பிரயாணம் ரத்தாச்சே."

"அதுக்காக? நின்னுக்கிட்டுச் சாப்பிடறது நம்ம முனிவருங்கதான். உன்னால எப்படி முடியுது?"

"தினம் எப்படிச் சாப்பிடறேனோ அப்படித்தான்."

"தினமுமா?"

"உங்களுக்குப் போட்டு, உங்க தம்பிக்குப் போட்டு, மூணு பிள்ளைங்களுக்கும் போட்டு முடிக்கறப்ப பொழுது எங்க இருக்குது? வெளிச்சம் போறதுக்குள்ள அடுப்பண்ட நின்னு நாலு வாய் போட்டுக்கறதுதான். நான் உக்காந்து சாப்பிடற வரைக்கும் சூரியன் காத்துக்கிட்டு இருக்குமா?"

அவள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை என்பது அந்த உச்சியில்தான் எனக்குத் தெரிந்தது. அவள் அடுப்பருகே நின்ற நேரமெல்லாம் நான் கூடத்தில் உட்கார்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"தோத்துட்டேன் ஜெயா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். "நானே கூட்டிக்கிட்டுப் போறேன். பஸ்ஸானாலும் சரி, வாந்தியானாலும் சரி..."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெரிய ரகசியம் வெளியே விழுந்துவிட்டது.

அவள் ஆச்சரியப்படவில்லை. "மண்டி வேலையா விழுப்புரம் போய்ட்டு வர்றப்பல்லாம் உங்க சட்டைய யாரு தொவைக்கறாங்க?" என்றாள். "பாவம், அஞ்சு நாள் உங்க ஒடம்பு தாங்காது. அதனாலதான் உங்க பேரக் குடுக்காம, என் பேரோட பத்மினி பேர எழுதச் சொல்லிட்டேன். பிள்ளைங்களப் பாத்துக்க உங்க அக்காவுக்கும் லெட்டர் போட்டாச்சு."

"எப்போ? நான் இப்பத்தானே உக்காந்தேன்!"

"போன வெள்ளிக்கிழமை."

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பந்தயம் கட்டுகிற யோசனை எனக்கே ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது.

"அப்புறம் எதுக்குடி இந்த மலைய ஏறினே?"

அவள் கேரியரைக் கொக்கி போட்டு மூடி என் கையில் கொடுத்தாள்.

"கல்யாணமாகி இத்தன வருஷத்துல, 'நானும் கூட வரேன்'னு நீங்களா வாயத் தொறந்து சொன்னது இதுதாங்க மொத தடவ. வேணாம்னு சொல்லிக் கெடுத்துக்குவேனா?"