பறக்கும் குதிரையின் வயிற்றுவலி

படகு பசியாவரத்துக் கரையை விட்டு ஒரு கூப்பிடு தூரம் வருவதற்குள், துளசிங்கத்தின் மடியிலிருந்த ஓலை ஏடுகளில் ஒன்று வாடைக்காற்றில் எழும்பி, ஏரியில் விழுந்து, அலையோடு போய்விட்டது.

குற்றம் காற்றினுடையது அன்று. சிறகு முளைத்த குதிரை இளவரசனைச் சுமந்துகொண்டு கடலடிக் கோட்டையின் வாசலில் நின்ற கட்டம் அது. எத்தனை முறை படித்தாலும் அவ்விடத்தில் துளசிங்கத்துக்குப் பொறுமை நில்லாது. ஏடுகளை விரைந்து புரட்டக் கயிற்றை உருவியவர் அவரேதான்.

துளசிங்கம் ஏரிக்கு மேற்கே நெல் விளைப்பவர். நெல் கொடுத்துக் கருவாடு வாங்கித் திரும்புகையில்தான் இந்த விபத்து. சுவடியோ பழவேற்காட்டில் உலாந்தாக்காரர் என்னும் டச்சுக்காரர்களின் கோட்டைக்குத் துணி கொடுக்கும் கௌஸ் மைதீனுடையது. அவரும், தோணிரேவுப் படகுக்காரர் தருமனும், துளசிங்கமும் மாயக்கதைப் பித்தர்கள். அந்த ஒரே சுவடிக்கட்டை மாற்றி மாற்றி எடுத்துப்போய்ப் படித்து, அமாவாசைப் பகலில் கூடிக் கருத்துச் சொல்வது பல வருட வழக்கம்.

கட்டின் கடைசி ஏட்டில் இளவரசன் கோட்டைக்குள் சிறைப்பட்டு நிற்பான். அவன் மீண்டானா என்பது இரண்டாம் கட்டில் இருப்பதாக நம்பிக்கை. முதல் கட்டை ஏடு குறையாமல் பன்னிரண்டு சுற்றுப் படித்தால்தான் பெட்டியிலிருந்து இரண்டாம் கட்டை எடுக்கலாம் என்பது கௌஸ் மைதீனின் வாப்பா இட்ட கட்டளை. இது பன்னிரண்டாம் சுற்று. அமாவாசைக்கு நான்கே நாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் துளசிங்கம் எழுத்தாணியைத் தேடினார்.

"இன்னாயா, கருவாட்டுக் கூடைய வாசல்லயே போட்டுட்டு இன்னாத்த எழுதற?" என்றாள் மனைவி மணியம்மாள்.

அவர் ஒரு புது ஓலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். காணாமற்போன ஏட்டில் இருந்த ஒரு வரியும் நினைவுக்கு வராததால், கோட்டையைக் காக்கும் நாகம் குதிரையிடம் வழி கேட்பதாகவும், குதிரை வாய் திறந்து பேசுவதாகவும் சொந்தமாக எழுதி முடித்தார். புது ஓலை பளிச்சென்று வெளுத்திருந்தது. நிறம் ஏற, அடுப்புக்கு மேல் கருவாட்டுப் பக்கத்தில் தொங்கவிட்டார். ஒத்துப்பார்ப்பதற்காக இரண்டு பழைய ஏடுகளையும் அதனோடு சேர்த்துக் கட்டினார். மறுநாள் நிறம் கச்சிதமாக ஏறியிருந்தது, மணமும் ஏறியிருந்தது. பூனை மூன்றையும் இழுத்துப்போய்க் குதறிவிட்டது.

மறுபடியும் உட்கார்ந்தார். குதிரை பேசிய ஏட்டை எழுதியதும், அதற்குப் பேச்சு வந்த காரணம் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு முனிவர் சாபம் வைத்தார். சாபம் வைத்தால் விமோசனம் வேண்டாமா? மூன்று ஏட்டில் முடிய வேண்டியது ஐந்தாயிற்று. அவற்றையும் அதே அடுப்புக்கு மேல், பூனைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டு நிறமேற்றினார்.

இப்போது கட்டில் நூற்றெட்டுக்குப் பதில் நூற்றுப்பத்து! குதிரைக்கு வயிறு உப்பி, இளவரசன் இஞ்சியும் ஓமமும் பெருங்காயமும் இடித்துப் புகட்டும் இரண்டு ஏடுகளை உருவி அடுப்பில் போட்டார். அந்த மருந்து போன மாதம் அவர் எருதையே பிழைக்கவைத்தது என்றாலும், கதை அங்கே நகரவில்லை.

அமாவாசையன்று கௌஸ் மைதீன் வீட்டு முற்றத்தில் துளசிங்கம் வியர்த்து ஊற்ற அமர்ந்திருந்தார். கௌஸ் மைதீன் கட்டைப் பிரித்து முகர்ந்தார்.

"கடலடிக் கோட்டைன்னு படிக்கிறப்பவே மீன் வாசனை வருது பாரு. அதுதான் எழுத்து."

தருமன் ஏடுகளைப் புரட்டிக் குதிரை பேசும் இடத்தில் நின்றார். "எத்தினி தபா படிச்சிருக்கேன் பாய். ஒவ்வொரு தபாவும் இந்த எடத்துல கண்ணுல தண்ணி வந்துடும்."

அந்த ஏட்டுக்கு வயது மூன்று நாள். துளசிங்கம் தரையைப் பார்த்தார்.

"எங்க வாப்பா இத மனப்பாடமாவே சொல்லுவாங்க," என்றார் கௌஸ் மைதீன். பிறகு, குதிரைக்கு ஏன் அடிக்கடி வயிற்றுவலி வருகிறது என்ற பழைய வழக்கு எழுந்தது. அது மனித ஆசையின் உருவகம் என்றார் அவர். பறக்கிற பிராணிக்குக் காற்று வயிற்றில் சேராதா என்று மடக்கினார் தருமன். எத்தனை முறை படித்தாலும் புதிதாக ஒன்று அகப்படுகிறதே, அதுதான் பெருங்கதையின் அடையாளம் என்பதில் மட்டும் இருவரும் உடன்பட்டார்கள்.

கணக்குச் சரியாயிருக்கும் துணிவில் துளசிங்கம், "ஏட்டை எண்ணிடுங்க பாய்," என்றார்.

"நம்மளுக்குள்ள இன்னாத்துக்குப்பா எண்ணிக்கினு?" என்று தருமன் பதறிக் கட்டை மூடினார். கௌஸ் மைதீனும் அவசரமாகத் தலையசைத்து, பெட்டியைத் திறந்து இரண்டாம் கட்டை எடுத்தார். மூன்று தலைகளும் முட்டிக்கொண்டன.

"கன்று ஈன்ற பசு தீனி எடாவிடில், சுக்கும் மிளகும்..." என்று வாசித்த கௌஸ் மைதீன் நிறுத்தினார். அடுத்த ஏட்டில் எருமைக்குக் கோமாரி. அதற்கடுத்ததில் காளைக்குக் கழுத்துப் புண்.

"இளவரசன் எங்க?" என்றார் துளசிங்கம்.

வருடந்தோறும் அந்தப் பெட்டியைத் திறந்து ஏடுகளுக்கு எண்ணெய் தடவி வெயில் காட்டும் கைருன் பீவி, தன் கணவரின் திகைப்பைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதக் கட்டும் நான் இந்த வூட்டுக்கு வந்தப்போ வெறும் குதிரை வைத்தியம்தாண்ணே," என்றாள். "இதையும் மூணு பேரும் மாத்தி மாத்தி எடுத்துட்டுப் போங்க, தானா கதையாயிடும்."