கொடி கிளம்பிய வீடு

பொழிச்சலூரில் எங்கள் காலனி நலச்சங்கத்துக்கு நான் போட்டியின்றிச் செயலாளர் ஆனேன். போட்டி போடும் அளவுக்கு வேறு யாருக்கும் புத்தி கெட்டுப்போகவில்லை. பதவியேற்ற கையோடு ஒரு சபதம் செய்தேன். இனி இந்தக் காலனியில் ஓர் அந்நியச் செடிகூட இருக்கக் கூடாது.

காரணம் இருந்தது. தெருவோர மழைநீர்க் கால்வாய் முழுக்க ஒரு மஞ்சள் பூக் கொடி மண்டிக் கிடந்தது. போன மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் வீடுகளுக்குள் வந்து, ஒவ்வொரு ஃப்ரிட்ஜையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. எதிர்வீட்டு ஆல்வின், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுப்பவர். ஒரு துண்டைக் கிள்ளிப் பார்த்தார்.

"இது வெடிலியா சார். அமெரிக்கக் கண்டத்துச் செடி. அழகுக்குன்னு கொண்டாந்து வச்சாங்க. ஒரு கணு மண்ணைத் தொட்டா போதும், வேர் விட்டுடும். தான் இருக்கற எடத்துல வேற எதையும் வளர விடாது."

"தானாப் போயிடாதா?"

"வீட்டுக்கு வந்த விருந்தாளியாவது ஒரு நாள் தாம்பரத்துல ரயில் ஏறிடுவாங்க சார். இது ஏறாது."

திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் நான் தரம் பார்க்கும் இன்ஸ்பெக்டர். அங்கே கோளாறான பீஸ் வந்தால் அதை மட்டும் தூக்கிப் போட மாட்டோம். எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், யார் கை என்று பின்னாலேயே போவோம். எந்தக் கை கெடுத்ததோ அந்தக் கைதான் மொத்தத்தையும் சரிசெய்ய வேண்டும்.

இதையே சங்கக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டேன். கொடி யார் கையிலிருந்து கிளம்பியதோ, அவரே கால்வாயில் இறங்கி அவ்வளவையும் பிடுங்க வேண்டும். ஆள் வைக்கக் கூடாது. பலத்த கைதட்டல். என் மனைவி நாகலக்ஷ்மி மட்டும் கைதட்டவில்லை. கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விசாரணையைத் தொடங்கினேன். முதல் வீடு, கீதா மேடம்.

"இந்தக் கொடி உங்களுக்கு எப்படி வந்தது?"

"என்ன சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க? முந்தின வருஷம் நவராத்திரிக்கு உங்க வீட்டுக் கொலுவுல அக்கா குடுத்ததுதான். எல்லாரும் பிளாஸ்டிக் டப்பா குடுக்கறாங்க, நாம உபயோகமா எதாவது குடுப்போம்னு வெத்தலை பாக்கோட பேப்பர் கப்புல ஆளுக்கு ஒரு கொப்பு வச்சுக் குடுத்தாங்க. மஞ்சள் கரிசலாங்கண்ணி. எண்ணெயில காய்ச்சித் தேச்சா முடிக்கு நல்லதாம். புதர் மாதிரி மண்டினதும் வெட்டிக் கால்வாய்ல போட்டேன்."

"முடிக்கு நல்லதா?"

அவர் என் தலையை ஒரு முறை பார்த்தார். "எனக்கும் அப்பவே சந்தேகம் வந்துச்சு சார்."

அடுத்த வீட்டிலும் அதே பேப்பர் கப். அதற்கடுத்த வீட்டிலும். விசாரணையைப் பாதியில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"நாகு! நீ குடுத்தது கரிசலாங்கண்ணி இல்ல. வெடிலியா!"

"ரெண்டும் மஞ்சப் பூதானேங்க. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கு."

"அப்ப இத்தனை நாளா என் தலையில தேச்சது?"

"அதான் தேச்ச எடத்துல வேற எதையும் வளர விடலையே."

"விளையாடாதே. தீர்மானப்படி நீ கால்வாய்ல இறங்கணும்."

"தெரியும். கூட்டத்துலயே தெரியும்."

"அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"நீங்க மைக்கைப் பிடிச்சா நடுவுல யாரு பேச முடியுது? பரவாயில்லங்க. இந்த முட்டிவலியோட நான் இறங்கறேன். நீங்க செயலாளர், மேல குடை பிடிச்சுக்கினு மேற்பார்வை பாருங்க. நாலு பேர் பார்க்கட்டும்."

மனைவியைக் கால்வாயில் இறக்கிய செயலாளர் என்று பேர் வாங்கிக்கொண்டு இந்தக் காலனியில் பால் பாக்கெட் வாங்கக்கூட வெளியே வர முடியாது.

நாகலக்ஷ்மி பீன்ஸ் நறுக்க உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, பீன்ஸைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தெருக்கோடி ராகவேந்திரா வீடு பூட்டியே கிடக்குது, பாவம். அவரும் அமெரிக்காவுல. செடியும் அமெரிக்கா."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

அவளுக்கு அது சும்மா. எனக்கோ மூளையில் விளக்கு எரிந்தது. ராகவேந்திரா வீட்டில் கொடி இருந்தால் அதுவே ஆரம்பம்; நாகு கொப்பு ஒடித்ததே அங்கிருந்துதான் என்று சொல்லிவிடலாம். ஆளில்லாத வீடு, மறுத்துப் பேச ஆளில்லை. சங்கமே ஆள் வைத்துப் பிடுங்கிவிடலாம். திட்டத்தைச் சொன்னபோது நாகலக்ஷ்மி, "எனக்கு இதெல்லாம் எங்கேங்க தோணப்போகுது!" என்று வியந்து, அரிசிச் சாக்கையும் எடுத்துக் கொடுத்தாள்.

மத்தியானம் காலனியே சாப்பிட்டுப் படுத்திருந்தது. சாக்கு நிறையக் கொடியோடு ராகவேந்திரா வீட்டு மதிலில் ஏறினேன். இறங்கும்போது வேட்டி கம்பியில் மாட்டிக்கொண்டது. வேட்டியை அங்கேயே விட்டுவிட்டு, அரை டிரவுசரோடு எல்லாவற்றையும் வரிசையாக நட்டேன். ஆதாரம் வாடிவிடக் கூடாதே என்று தண்ணீரும் ஊற்றினேன்.

சாயங்காலம் சங்கத்தாரை அந்த வீட்டு கேட்டுக்கே அழைத்துப் போனேன்.

"பாருங்கள்! கொடி கிளம்பிய வீடு இதுதான்!"

எல்லார் பையிலும் ஒரே சமயத்தில் ஃபோன் மணி அடித்தது. காலனி வாட்ஸ்அப் குழு. அமெரிக்காவில் தூங்கி எழுந்த ராகவேந்திரா ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அதில் வழுக்கைத் தலை ஒன்று மதிலேறிக் குதித்து, டிரவுசரோடு செடி நட்டு, பாசமாகத் தண்ணீர் ஊற்றியது. கீழே ஒரு வரி: 'யார் இந்த அங்கிள்? நான் இல்லாவிட்டாலும் என் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாரே, ரொம்ப நன்றி.'

ஆல்வின் கம்பிவழியாக எட்டிப் பார்த்தார். "கால்வாய்ல இருக்கற அதே கொடிதான் சார்."

"அப்ப ஊரெல்லாம் நட்டது இவர்தானா?" என்றார் கீதா மேடம். "அக்கா பாவம். இவர் வச்சதைக் கரிசலாங்கண்ணின்னு நம்பி நமக்குக் குடுத்திருக்காங்க."

நான் நாகலக்ஷ்மியைப் பார்த்தேன். அவள் தலைகுனிந்து, "செடின்னா அவருக்கு உசிருங்க" என்றாள்.

என் தீர்மானத்தை ஆல்வின் ஒருமுறை உரக்கச் சொன்னார். யார் கை என்று எல்லாரும் ஃபோனில் பார்த்துவிட்டார்கள். மறுபடியும் பலத்த கைதட்டல். இந்தத் தடவை நாகலக்ஷ்மியும் தட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை. முழங்கால் அளவு சேற்றில் நின்றுகொண்டு பிடுங்கினேன். ஒன்றைப் பிடுங்கினால் அதன் கணுக்கள் பின்னால் வேறெங்கோ பிடித்துக்கொண்டிருந்தன. நாகலக்ஷ்மி குடையும் ஃபிளாஸ்க்குமாக வந்து கரையில் நின்றாள்.

"நாகு, ஒரே ஒரு சந்தேகம். அந்த வீட்டுல கேமரா இருக்கறது உனக்குத் தெரியவே தெரியாதா?"

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க?" காப்பியை ஆற்றி என்னிடம் நீட்டினாள். "அதை மாட்டினப்போ ஏணியைப் பிடிச்சுக்கினு நின்னதே நான்தானே."